ஹப்பான் வாங்கி வந்த தச்சன்

எருசலேம் கடைத்தெரு. உச்சிவெயில் நேரம். இந்தியாவிலிருந்து வந்த ஹப்பான் என்கிற வணிகன் கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறான். கைதேர்ந்த தச்சன் ஒருவனை வாங்கி வரும்படி அவனுடைய ராஜா சொல்லி அனுப்பியிருக்கிறார். வழியில் ஒருவர் அவனை நிறுத்தி, தன்னிடம் தச்சுவேலை தெரிந்த அடிமை ஒருவன் இருப்பதாகச் சொல்லி, தள்ளி நிற்கும் ஆளைக் காட்டுகிறார். விலை பேசி முடிகிறது, விற்பனைச் சீட்டும் எழுதியாகிறது. விற்றவர் இயேசு. விலைபோனவர் தோமா.

சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியில் ரயிலேறி, குப்பம், ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போய் பரங்கிமலை ஏறிவிட்டு வருகிறவர்களுக்குத் தோமையாரைத் தெரியும். ஈட்டியால் குத்துண்ட கதையும் தெரியும். அவர் அடிமையாக விற்கப்பட்டு இந்தியா வந்தார் என்கிற இந்தக் கதையைச் சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். இது பைபிளில் இல்லை. ‘தோமையார் நடபடிகள்’ என்ற பழைய நூலில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதேசா நகரத்துப் பக்கம், சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. எதேசா இன்று துருக்கியில் இருக்கும் உர்ஃபா. திருச்சபை இதை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆனால் வாசிக்கிற ஜனம் இதை விடவும் இல்லை.

ஆதித் திருச்சபையின் அதிகம் தெரியாத மனிதர்களைப் பற்றிய சரித்திரப் புனைவு என்றால் ரோமாபுரி, சிங்கம், குகைக் கல்லறை என்றுதான் நினைப்பு ஓடும். அந்த வகை எழுத்தின் மிகப் பழைய மாதிரிகளில் ஒன்றோ இந்தியாவில் நடக்கிறது. அதன் சுவையும் தோமாவிடம் இருப்பதைவிட, அவரைச் சுற்றி வந்து போகிற துணைப் பாத்திரங்களிடம்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் தோமாவையே எடுத்துக்கொள்வோம். அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு உலகத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவரோ போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். உடம்புக்கு முடியாது, எபிரேயனான நான் இந்தியர்களிடம் எப்படிப் பேசுவேன் என்கிறார். அதற்கப்புறம்தான் கடைத்தெரு விற்பனை. ஹப்பான் தோமாவிடம் வந்து, அவர் உன் எஜமானா என்று கேட்கிறான். ஆமாம், என் ஆண்டவர் என்கிறார் தோமா. அப்படியானால் உன்னை அவரிடமிருந்து வாங்கியாயிற்று என்கிறான் ஹப்பான். தோமா அங்கே அதற்கப்புறம் வாய் திறப்பதில்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் எழுதியவர் யாராக இருந்தாலும் கைதேர்ந்த கதைசொல்லி என்று தெரிந்துவிடுகிறது. ஒரு சொல்லை இருவரும் இரண்டு அர்த்தத்தில் வைத்துக்கொண்டு பேச, நடுவில் மாட்டிக்கொண்டவர் பேசாமல் கப்பலேறுகிறார்.

கப்பலில் போகும்போது ஹப்பான் முதலாளித் தோரணையில் விசாரிக்கிறான்: உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்? மரத்தில் கலப்பை, நுகத்தடி, துடுப்பு, பாய்மரம். கல்லில் தூண், கோயில், அரண்மனை என்று தோமா வரிசையாகச் சொல்கிறார். ஆள் எடுக்கிற இடத்தில் கேட்கிற கேள்வி அப்படியே.

வழியில் ஒரு துறைமுக நகரத்தில் இறங்குகிறார்கள். அங்கே ராஜா மகளுக்குக் கல்யாணம். வெளியூர்க்காரர்கள் உட்பட எல்லாரும் வந்தே ஆகவேண்டும் என்று கட்டளை. பந்தியில் தோமா எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். குழலூதும் பெண் ஒருத்தி அவர் தலைக்கு மேலே நின்று வெகுநேரம் வாசிக்கிறாள். அவள் எபிரேயப் பெண். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிறவள். பானம் பரிமாறுகிறவன் ஒருவன் தோமாவைக் கன்னத்தில் அறைகிறான். அறைந்த கையை நாய் இழுத்து வரும் என்கிறார் தோமா. அதேபோல், தண்ணீர் எடுக்கப் போனவனைச் சிங்கம் அடித்துப் போட, ஒரு கறுப்பு நாய் அவனுடைய வலது கையைக் கவ்விக்கொண்டு பந்திக்குள் வருகிறது. குழல்காரி குழலை உடைத்துப் போட்டுவிட்டு அப்போஸ்தலரின் காலடியில் போய் உட்காருகிறாள்.

இந்தப் பழிவாங்கும் கதை நிறையப் பேருக்கு உறுத்தியது. ஐந்தாம் நூற்றாண்டுவரை வாழ்ந்த புனித அகுஸ்தீனார் இதைத் தம் எழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுத்துப் பேசுகிறார். மானி சமயத்தவர் இந்த நூலைப் பெரிதாகக் கொண்டாடியதால், இது வேதாகமத்தில் சேர்ந்ததல்ல, நம்பாமலும் இருக்கலாம் என்று அவர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஒரு புனைவுக்கு அகுஸ்தீனார் பதில் சொல்கிறார் என்றால் அது எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும்!

ஹப்பானை அனுப்பிய ராஜாவின் பெயர் குந்தபார். தோமா அவரிடம் அரண்மனைக்குப் பணம் வாங்கி, எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை பரலோகத்தில் எழும்பிவிட்டது என்கிறார். ராஜா கொதித்துப்போகிறார். அந்த நேரம் பார்த்து ராஜாவின் தம்பி காத் செத்துப்போகிறான். மேலே போனவனுக்கு அங்கே ஓர் அரண்மனையைக் காட்டுகிறார்கள். அவன் உயிரோடு திரும்பி வந்து, அந்த வீட்டை எனக்கு விற்றுவிடு என்று அண்ணனிடம் நச்சரிக்கிறான். பரங்கிமலைப் பக்கம் பலருக்கும் தெரிந்த பகுதி இதுதான்.

பல நூற்றாண்டுகளாக இந்த ராஜாவைக் கற்பனை என்றே நினைத்தார்கள். இந்த நூல் மரபுக்கு வெளியே அவர் பெயர் எங்குமே கிடைக்கவில்லை. 1830-களில் சார்ல்ஸ் மாசன் என்பவர் ஆப்கானிஸ்தானில் பெக்ராம் பக்கம் பழைய நாணயங்களை ஆயிரக்கணக்கில் பொறுக்கினார். (இந்த மாசனே ஒரு நாவல் பாத்திரம். உண்மைப் பெயர் ஜேம்ஸ் லூயிஸ். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டவர்.) அந்தக் காலகட்டத்தில் கிடைத்த காசுகளில் கோண்டோபர்னஸ், அதாவது குந்தபார், என்ற இந்தோ-பார்த்திய மன்னரின் பெயர் தெரிந்தது. பிறகு பெஷாவர் சமவெளியில் தக்த்-இ-பாகி கல்வெட்டும் கிடைத்தது. அது அவருடைய ஆட்சியின் 26-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; வழக்கமான கணக்குப்படி கி.பி. 46. இப்போது லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோமா காலத்துக்குப் பொருந்துகிற ராஜா, வடமேற்கில் உண்மையாகவே ஆண்டிருக்கிறார்.

இதை வைத்துக்கொண்டு கதை முழுக்க நடந்ததுதான் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது சரியான வாதமில்லை. ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வருகிற ராஜராஜனுக்குக் கல்வெட்டு இருக்கிறது என்பதற்காக நந்தினிக்கும் கல்வெட்டு இருந்தாக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எதேசாவில் உட்கார்ந்து எழுதியவருக்கு, தனக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன் தூரத்து நாட்டில் ஆண்ட ராஜாவின் பெயர் சரியாகத் தெரிந்திருக்கிறது. வணிகர்கள் வாய்வழியே அந்தப் பெயர் போயிருக்கலாம். சரித்திரப் புனைவு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் செய்வது இதைத்தான்: பின்னணியில் ஓர் ஆணியை உண்மையாக அடித்துவிட்டு, அதில் கற்பனையை மாட்டுவது.

நூலின் பின்பாதி வேறொரு ராஜ்ஜியத்துக்குப் போகிறது. அங்கேதான் அதிகம் தெரியாத மனிதர்களின் கூட்டம். சிபூர் என்ற படைத்தலைவன், தன் மனைவியையும் மகளையும் பேய் ஆட்டுகிறதென்று ஊர்விட்டு ஊர் வந்து தோமாவைத் தேடுகிறான். அரசனின் உறவினன் கரீஷுடைய மனைவி மிக்தோனியா பல்லக்கில் வந்து இறங்கிப் பிரசங்கம் கேட்கிறாள். கேட்டவள் வீட்டுக்குப் போய்க் கணவனோடு இனி வாழமாட்டேன் என்றுவிடுகிறாள். கரீஷ் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், அழுகிறான். நியாயமாகப் பார்த்தால் அந்த மனிதன்மேல் இரக்கம்தான் வருகிறது. நூலை எழுதியவரின் கடுந்துறவு மனப்போக்கு அவரை அதைச் சொல்ல விடவில்லை. ஆனாலும் அவர் கரீஷுக்குக் கொடுத்திருக்கிற புலம்பல்கள் அவரையும் மீறி உயிரோடு நிற்கின்றன. மிக்தோனியாவுக்கு நர்க்கியா என்று ஒரு செவிலித்தாய். நடுராத்திரியில் எஜமானி ஞானஸ்நானத்துக்கு அப்பமும் எண்ணெயும் கேட்கும்போது ஓடுகிறவள் அவள்தான். கடைசியில் அரசியே மனம் மாற, ராஜா மஸ்தாய்க்குப் பொறுக்கவில்லை. தோமாவை மலைக்குக் கூட்டிப்போய் நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். அவர் சாவதற்கு முன் சிபூரைக் குருவாகவும், இளவரசன் வாசானைத் தியாக்கோனாகவும் ஏற்படுத்துகிறார்.

சிபூருக்கு நம் ஊர்ப்பக்கம் கோயில் ஏதும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஹப்பானுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. தோமாவின் எலும்புகளை ஒருவர் மேற்கே கொண்டுபோனதாக நூல் முடிகிறது. ஆள் யார் என்ற பெயர் இல்லை. நான்காம் நூற்றாண்டில் எதேசாவில் பாடிய எப்ரேம், கொண்டுவந்தவர் ஒரு வணிகர் என்று புகழ்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பஸ்ராவின் சாலமோன் எழுதிய ‘தேனீயின் நூல்’ அந்த வணிகர் ஹப்பான்தான் என்று முடிச்சைப் போட்டுவிடுகிறது. ஆயிரம் வருஷத்தில் ஒரு துணைப் பாத்திரம் இப்படித்தான் வளர்கிறது. கேரளத்தில் நசுராணிக் கிறிஸ்தவர்கள் விளக்கைச் சுற்றி ஆடுகிற, பதினான்கு பாதங்கள் கொண்ட மார்க்கம்களிப் பாட்டிலும் ஹப்பான் வருகிறான். அங்கே அவனை அனுப்புவது காந்தார ராஜா இல்லை, சோழ ராஜா. அரண்மனை எழும்ப வேண்டிய இடம் மயிலாப்பூர். கதை தனக்கு வேண்டிய ஊரைத் தானே தேர்ந்துகொண்டது.

இந்தியாவை வைத்துப் பின்னிய இன்னொரு கதை இதைவிட வேடிக்கை. யோசபாத் என்ற இந்திய இளவரசன், அரண்மனைக்குள்ளேயே வளர்க்கப்பட்டு, வெளியே நோயாளியையும் கிழவனையும் பார்த்துவிட்டு, பர்லாம் என்ற துறவியிடம் கிறிஸ்தவனாகிறான். படிக்கும்போதே யார் கதை என்று தெரிந்திருக்குமே. போதிசத்துவரின் கதைதான் அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என்று மொழி மாறி மாறிப் போய்க் கிறிஸ்தவப் புனிதரின் கதையானது. ரோம மறைசாட்சிகள் பட்டியலில் நவம்பர் 27 அவருக்கு நாளாக இருந்தது. 1571-ல் வெனிஸ் ஆட்சித்தலைவர், யோசபாத்தின் எலும்பு என்று ஒன்றைப் போர்ச்சுகல் மன்னருக்குப் பரிசாகவே கொடுத்தார். கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ, இதற்கும் புத்தர் கதைக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்து எழுதிவைத்தார்.

இனி தமிழுக்கு வரலாம்.

நாவல் என்ற வடிவம் தமிழுக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வீரமாமுனிவர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். இத்தாலியில் 1680-ல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற இவர், 1710-ல் கோவாவில் இறங்கி மதுரை மிஷனுக்கு வந்தவர். 1726-ல் முடிந்த தேம்பாவணிக்கு நாயகன் யார்? இயேசு இல்லை, மரியாள் இல்லை. சூசையப்பர். நான்கு சுவிசேஷங்களிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அப்படிப்பட்டவருக்கு வளன் என்று பெயர் வைத்து, 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. நாடும் நகரமும் தமிழ்க் காவியத்தில் வருகிற மாதிரியே வருகின்றன. ஸ்பெயின் கன்னியர் ஆகிரேதா மரியாள் தம் தியானக் காட்சிகளாக எழுதிய நூலிலிருந்துதான் பெரும்பாலான செய்திகளை முனிவர் எடுத்துக்கொண்டார். வேதாகமம் விட்டுவைத்த இடைவெளிகளையெல்லாம் நிரப்ப அது அவருக்குக் கைகொடுத்தது.

தேம்பாவணி புலவர்களுக்கு. சாதாரண ஜனத்துக்கு அவர் பாடியது கித்தேரியம்மாள் அம்மானை. யார் இந்தக் கித்தேரி? போர்ச்சுகலில் ரோமர் ஆட்சிக்காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கன்னி, வேதசாட்சி. தேசாதிபதி ஒருவரின் மனைவி ஒரே பிரசவத்தில் ஒன்பது பெண்களைப் பெற்றாளாம். ஊர் என்ன பேசும் என்று அஞ்சி, அத்தனையையும் ஆற்றில் போடச் சொன்னாளாம். மருத்துவச்சி சீலாவுக்கு மனம் வரவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒளித்து வளர்த்தாள். ஒன்பது பேரும் வளர்ந்து சொந்தத் தகப்பன் முன்னாலேயே கைதிகளாக நிற்கிறார்கள். ஆற்றில் விடப்பட்ட பிள்ளை, காப்பாற்றும் ஏழைப் பெண், பின்னால் அடையாளம் தெரிவது என்று இதில் உள்ள அத்தனையும் கர்ணன் கதை கேட்டு வளர்ந்த காதுக்குப் பழக்கமானவை. சரித்திரமாகப் பார்த்தால் கித்தேரியின் கதைக்கு அடிப்படை மிகவும் மெலிசு. ஐரோப்பாவிலேயே பலருக்கு அவள் பெயர் தெரியாது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களிலோ கித்தேரி என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் இருந்தது.

அம்மானையைப் பாடினார்கள், கூத்தை ஆடினார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அண்ணாவியார்கள் பழக்கிய எஸ்தாக்கியார் நாடகம் இந்த வரிசையில் முக்கியமானது. எஸ்தாக்கியார் ரோமச் சக்கரவர்த்தி திராயானின் படைத்தலைவர். அப்போது பெயர் பிளாசிது. வேட்டையில் மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைப் பார்த்து மனம் திரும்புகிறார். அதன்பின் செல்வம் போகிறது. கப்பல்காரன் மனைவியைப் பிடித்துவைத்துக்கொள்கிறான். ஆற்றைக் கடக்கும்போது ஒரு பிள்ளையைச் சிங்கமும் இன்னொன்றை ஓநாயும் தூக்கிப்போகின்றன. பல வருஷம் கழித்து எல்லாரும் சேர்கிறார்கள். சேர்ந்த கையோடு, வெண்கலக் காளைக்குள் அடைத்துக் கொல்லப்படுகிறார்கள். அரிச்சந்திர நாடகம் பார்த்து அழுத ஊர் இதற்கும் அழுதது. 1969-ல் ரோமாபுரி தன் பொது நாள்காட்டியைத் திருத்தியபோது எஸ்தாக்கியாரின் திருநாளை எடுத்துவிட்டது. ஆதாரம் போதவில்லை என்பது அங்கே கணக்கு. கூத்துக்காரர்களின் கொட்டகையில் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

ஐரோப்பாவில் இந்த வகை நாவலாக உருவெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கர்தினால் வைஸ்மன் 1854-ல் எழுதிய ‘ஃபபியோலா’, சியென்கியேவிச்சின் ‘குவோ வாதிஸ்’, பிறகு லாகர்க்விஸ்ட் 1950-ல் எழுதிய ‘பரபாஸ்’. கடைசியது இவற்றில் தலைசிறந்தது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலையானவனைப் பற்றிச் சுவிசேஷத்தில் இருக்கிற ஒருசில வரிகளிலிருந்து ஒரு முழு மனிதனை எழுப்பியது. ஆனால் கோயில் வாழ்க்கையில் நேராகக் கைவைத்தது ஃபபியோலாதான். பீடச்சிறுவர்களின் பாதுகாவலர் தர்சீசியுஸை இங்கே எல்லாப் பங்கிலும் தெரியும். நற்கருணையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற சிறுவன். அவரைப் பற்றிய பழைய ஆதாரம் நான்காம் நூற்றாண்டில் போப்பாண்டவர் தமாசுஸ் கல்லில் பொறிக்கச் செய்த சில வரிகள் மட்டுமே. அதில் வயது சொல்லப்படவில்லை. அவரைச் சிறுவன் என்று உலகம் முழுக்கப் பதியவைத்ததில் வைஸ்மனின் நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி போட்டு மணி அடிக்கிற பையன் கும்பிடுகிற படத்தில் பாதி, ஒரு நாவலாசிரியர் வரைந்தது.

இதைச் சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வரலாம். வரவேண்டியதில்லை. தமாசுஸின் வரிகள் உண்மை, அந்த மனிதர் செத்தது உண்மை. எது கல்லில் இருந்தது, எது காகிதத்தில் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்கிற நேர்மை மட்டும் எழுதுகிறவருக்கு வேண்டும். இன்று தமிழில் வருகிற பல புனிதர் வரலாற்றுப் புத்தகங்கள் அதைச் செய்வதில்லை. பின்னுரையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

தமிழில் இப்படி எழுத நினைக்கிறவர் ரோமாபுரிக்குப் போகவேண்டியதுமில்லை. குடுபல்லி இருக்கிற சித்தூர் மாவட்டத்துக்கே ஓர் ஆதித் திருச்சபை உண்டு. பாண்டிச்சேரியிலிருந்த பிரெஞ்சு இயேசு சபையினர் 1700-களின் தொடக்கத்தில் கர்நாடக மிஷன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மதுரை மிஷனில் பழுத்த அனுபவம் பெற்றிருந்த பூஷே சாமியார் தக்கோலத்தில் இருந்து அதை நடத்தினார். சன்னியாசி உடையில், மாமிசம் தொடாமல், புங்கனூர், சிக்கபள்ளாப்பூர், அனந்தப்பூர் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் என்று மேலே ஏறிப்போனார்கள். தமிழ் முடிந்து தெலுங்கும் கன்னடமும் கலக்கிற இதே பிராந்தியம். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பாரிஸில் 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வந்த வரிசையில் அச்சாகின. அந்தக் கூட்டத்தில் ஒருவரான கேர்தூ, 1732-ல் வந்து தெலுங்கு கற்றவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன் கிரேக்கத்துக்கும் உள்ள உறவை 1767-லேயே பாரிஸுக்கு எழுதி அனுப்பினார். வில்லியம் ஜோன்ஸ் இதைக் கல்கத்தாவில் பேசியது 1786-ல்.

கடிதம் எழுதியவர்கள் சாமியார்கள். ஊருக்குள் முதலில் போனவர்கள் உபதேசியார்கள். எந்த ஊரில் நுழையலாம், யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், சாமியாரைப் பரங்கி என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக எந்த வழியில் கூட்டிப்போவது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. வீரமாமுனிவர் இவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார் என்பதிலிருந்து அந்த வேலையின் கனம் தெரியும். எதேசா எழுத்தாளருக்கு ஹப்பானும் சிபூரும் நர்க்கியாவும் கிடைத்த மாதிரி, இங்கே கிடைக்கக்கூடியவர்கள் இவர்கள்தான்.

பின்னணிக்கும் பஞ்சமில்லை. 1740 மே மாதம் மராட்டியப் படை தமலச்செருவுக் கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானைக் கொன்றது. இடம் இதே சித்தூர்ச் சீமை. 1782 டிசம்பரில் ஹைதர் அலி செத்ததும் சித்தூருக்குப் பக்கத்துப் பாளையத்தில்தான். இந்த இரண்டுக்கும் நடுவே, 1773-ல், போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். இருந்த கொஞ்சநஞ்ச சாமியார்களுக்கும் பின்பலம் போயிற்று. படைகள் போவதும் வருவதுமாக இருந்த அந்த நூற்றாண்டில் ராயலசீமைக் கிறிஸ்தவ ரெட்டிக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே குண்டூர்ப் பக்கம் போய்ப் பிரங்கிபுரம் போன்ற ஊர்களில் குடியேறின. அப்படிக் கிளம்பிய ஒரு குடும்பம், கூடவே பூசைப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி மூட்டைக்குள் வைத்திருக்கும் ஒரு கிழ உபதேசியார், எதிரே குதிரைப்படை. நாவலின் முதல் நூறு பக்கத்துக்கு இதுவே தாராளம்.